ஏழாவது படம்

1

மலையில் படம் எடுக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது கேமரா அல்ல, நன்றாக மூடுகிற ஒரு பிஸ்கட் தகரம். இது என் மகன் ஆறுமுகத்தின் சித்தாந்தம். ஊரில் பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், இந்த மொரிஷியஸ் தீவின் மலைகளைப் பற்றியும், கையில் அதிகம் இல்லாதவன் அங்கே போய்ப் படம் பிடிப்பது எப்படி என்றும் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார். போன வருஷமே கேட்டார். அப்போது எழுதியிருந்தால் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். இப்போது வேறு மாதிரிதான் வரும், அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருக்கும் செமின் கிரனியே பக்கத்தில் மழைக்கு வேளை பொழுது கிடையாது. கரும்பின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் தூறும். அதனால்தான் தகரம். அதற்குள் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டுவிட்டால் ஈரத்தை அரிசி குடித்துவிடும். தகரத்தைச் சுற்றி ஒரு கோணி. கேமராவை நிறுத்திவைக்க மூன்று மூங்கில் கழிகளைத் தலைப்பக்கம் கற்றாழை நார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்வான். காற்றில் ஆடினால் நடுவே ஒரு கல்லைத் தொங்கவிடுவான். கடைச் சாமான் எதுவும் இதற்கு நிகரில்லை என்பான். கடைச் சாமானை அவன் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

கேமரா கடைசியில்தான் வருகிறது. அது ஓர் அட்டைப் பெட்டி, மேலே தோல் மாதிரி கருப்பாக ஏதோ ஒட்டியிருக்கும், ஒரு மூலை நசுங்கியிருக்கும். பக்கத்துக் கரும்புத் தோட்டத்து ஓவர்சியர் ஊரைவிட்டுப் போகும்போது வேண்டாமென்று கழித்துக்கட்டியதை, ஆலை ஓடுகிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்து இவன் வாங்கினான். பெட்டியின் மேலே விரல்நகம் அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து அந்தக் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். எதிரே இருப்பது அதில் மங்கலாக, வலது இடதாக மாறித் தெரியும். பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்னத் துவாரம். சுருளைத் திருகத் திருக அதில் எண் வரும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். எட்டும் எடுத்து முடிக்காமல் சுருளைக் கழற்றுவது என் மகன் கணக்கில் பஞ்சமாபாதகம்.

கல்லையும் மரத்தையும் பிடித்துவைக்க இவ்வளவு பாடா என்று அவனைக் கேலி செய்திருக்கிறேன். கல்லும் மரமும் எங்கே ஓடிவிடப் போகின்றன என்று கேட்டிருக்கிறேன்.

2

நான் இங்கே கரும்பு வெட்ட வந்தவன் அல்லன். நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து, போர்ட் லூயியில் ஜவுளிக்கடை வைத்திருந்த உறவுக்காரரிடம் துணி மடித்துப் போட வந்தவன். இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறினேன். இந்த வார்த்தையை எத்தனை பேர் எத்தனை துறைமுகத்தில் சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பிறகு பாக்கியத்தைக் கட்டிக்கொண்டேன். அவள் அப்பா கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்து, பெரிய தோட்டங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் செமின் கிரனியேயில் ஒரு துண்டை வாங்கிக் கரும்பு போட்டவர். ஒரே பெண். நிலத்தோடு நானும் இங்கே ஒட்டிக்கொண்டேன்.

பாக்கியம் இந்தத் தீவிலேயே பிறந்தவள். அவள் தமிழில், பிரெஞ்சு மருவிய இங்கத்திய பேச்சான கிரியோல் பாதி கலந்திருக்கும். கோயிலில் மட்டும் சுத்தமாகப் பேச முயல்வாள், அப்போது ஊமையாகிவிடுவாள். பிள்ளைகள் அதற்கும் ஒருபடி மேலே போய்விட்டார்கள். நான் தமிழில் கேட்பேன், அவர்கள் கிரியோலில் பதில் சொல்வார்கள். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் பப்பா. அவளை மட்டும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் எனக்கு உள்ளூர ஒரு பொறாமை இருந்தது.

அவள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படம் பிடிக்கிற பெட்டியைக் கண்டால் முதுகைக் காட்ட வேண்டும். அவள் அப்பா காலத்தில், ஒப்பந்தம் முடிந்த கூலி ரோட்டில் நடந்துபோக ஒரு சீட்டு வைத்திருக்க வேண்டும். அதில் அவரவர் முகம் படமாக ஒட்டியிருக்கும். மாமனார் காய்ச்சலில் கிடந்து எழுந்து, கன்னம் ஒட்டி, தாடியோடு எங்கேயோ போகும்போது போலீஸ்காரன் நிறுத்தினானாம். சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், இது நீ இல்லை என்றான். நான்தான் என்று இவர் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. நாடோடி என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். வெளியே வந்தவர் அதன் பிறகு சாகும்வரை எந்தக் கேமராவுக்கும் முகம் கொடுக்கவில்லை, வீட்டில் யாரையும் கொடுக்க விடவும் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு என் உறவுக்காரர் போர்ட் லூயியிலிருந்து படக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். மாமனார் அவரை மரியாதையாக உட்காரவைத்து, இலை போட்டுச் சாப்பாடு போட்டு, பெட்டியைத் திறக்க விடாமலே அனுப்பிவிட்டார்.

பாக்கியத்திடம் நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். அந்தச் சீட்டெல்லாம் ஒழிந்து எவ்வளவோ காலமாயிற்று என்பேன். அவள் கையிலிருக்கும் வேலையை நிறுத்தாமலே சொல்வாள்:

"மூஞ்சிய ஒருத்தன் கையில குடுத்தா, நாளைக்கு அதுவே நம்ம மேல சாட்சி சொல்லும்."



3

ஆனாலும் ஆறுமுகம் மலைக்குப் போகும்போதெல்லாம் கூடப் போனவள் அவள்தான். ஊருக்கு வடக்கே சாமுனி வழியாக ஏறினால் ஓடையும் அருவியும் விசிறிவாழையும் வரும். அதற்கு மேலே காட்டில் சிவப்புக் கொய்யா, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பனிக்காலத்தில் அதைப் பறிக்க ஊரே மலையேறும். அவள் கொய்யாவுக்குப் போவாள், அவன் படத்துக்குப் போவான். வீட்டில் என்னோடு நாலு வார்த்தை பேசாதவன் மலையில் அவளோடு ஓயாமல் பேசுவானாம்.

அந்தக் காட்டுக்குப் போவதும் அவ்வளவு லேசில்லை. மேலே பாதிக்கு மேல் துரைமார் மான் வேட்டைக்கு வைத்திருக்கும் நிலம். ஒருமுறை காவல்காரன் தகரத்தில் தோட்டா இருக்கிறது என்று நினைத்து இவனைப் பிடித்துக்கொண்டான். அரிசி மூட்டையை அவிழ்த்துக் காட்டினால், அரிசியைச் சுமந்துகொண்டு எவன் மலையேறுவான் என்று சந்தேகம் அதிகமாகிவிட்டதாம். மறுநாள் நான் இருக்கிற நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய், மனப்பாடம் செய்த பிரெஞ்சில் அனுமதி கேட்டேன். குமாஸ்தா முழுவதும் கேட்டுவிட்டுக் கிரியோலில் பதில் சொன்னான். பிரெஞ்சு பேசிய மனிதனுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. அனுமதி கிடைத்தது. பையன் நன்றி சொல்லவில்லை, எதற்காகப் போய்க் கெஞ்சினாய் என்றுதான் கேட்டான்.

படத்தில் மரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டுமானால், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் பாக்கியம். அருவிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் நிற்பாள், முதுகைக் காட்டிக்கொண்டு. கருங்காலி மரத்தடியில் போய் நிற்பாள், முதுகைக் காட்டிக்கொண்டு. வீட்டில் நிறையப் படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பெண்ணின் முதுகு, கொண்டை, கூடை. மலையைப் பார்க்க வந்தவள் மாதிரி நிற்பாள். அவளுக்கு மலையைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் கிடையாது, கொய்யா எந்தப் பக்கம் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

4

போன வருஷம் கரும்பு வெட்டு தொடங்குவதற்கு முன்னால் அப்படி ஒரு நாள் போனார்கள். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கோணியைப் பெட்டிக்குப் போட்டுவிட்டு அவள் நனைந்தே வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு கொய்யாவைப் பங்கு பிரித்தாள். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. டாக்டரை அழைத்துவர வண்டி தேடிப் போன இடத்திலேயே எனக்குச் செய்தி வந்துவிட்டது. அவ்வளவுதான். இதற்கு மேல் இதை நீட்டி எழுத என்னால் ஆகாது.

பதிவு ஆபீசில் அவள் பேரை மூன்று தரம் சொன்னேன். அவர்கள் எழுதியதைப் பிரெஞ்சு ராகத்தில் திரும்ப வாசித்தபோது யாரோ ஒரு வெள்ளைக்காரி செத்தது போல இருந்தது. திருத்தச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஆறுமுகம் அன்றைக்குப் பெட்டியைத் தகரத்தில் போட்டு மூடிப் பெட்டகத்துக்குள் வைத்தவன், அப்புறம் தொடவே இல்லை. அந்தக் கோணியை நான்தான் அடுப்பில் போட்டேன்.

5

வருஷம் ஓடிவிட்டது. ஊரில் எல்லாரும் சொல்வது போல ஓடிற்று, எனக்கு ஒவ்வொரு நாளாகத்தான் போயிற்று. இந்த ஒரு வருஷத்தில் எனக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. பாக்கியத்தின் முகம் மறக்கத் தொடங்கிவிட்டது. அவள் குரல் இருக்கிறது. கையில் இருந்த அரிவாள் தழும்பு இருக்கிறது. மூக்கு எப்படி இருந்தது என்று நினைத்தால் மீனாட்சியின் மூக்கு வந்து நிற்கிறது. மீனாட்சி எங்கள் பெண், ஆறுமுகத்துக்கு மூத்தவள், பாம்பூவில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முப்பது வருஷம் எதிரில் இருந்த முகம் ஒரு வருஷத்தில் நழுவிவிடுமா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தலைத்திவசத்துக்கு வேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மற்றவர்கள் வீட்டில் படத்துக்கு மாலை போடுகிறார்கள், நாம் எந்தப் படத்துக்குப் போடுவது என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன். ஆறுமுகம் தலையைத் தூக்கவில்லை. கிரியோலில்தான் சொன்னான், மெதுவாக. ஒரு படம் இருக்கிறது, பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்றான்.

கடைசியாக மலைக்குப் போன அன்றைக்கு உச்சியில், கடலும் மோர்ன் மலையும் தெரிகிற பாறையில், ஏழாவது படத்துக்கு அவளை நிற்கச் சொன்னானாம். வழக்கம் போல முதுகைக் காட்டி நின்றவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இங்க லாபொலிஸ் வராது. எடு," என்று சொல்லித் திரும்பினாளாம். போலீசைத்தான் சொன்னாள். அவள் அப்பாவின் போலீஸ்காரன் ஏறிவர முடியாத உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

ஏன் ஒரு வருஷமாகக் கழுவக் கொடுக்கவில்லை என்று கத்தினேன். எட்டாவது எடுக்கவில்லை என்றான். முடியாத சுருளைக் கழற்ற அவனுக்குக் கை வரவில்லை. அந்த எட்டாவதை எடுக்க மறுபடி மலை ஏறவும் கால் வரவில்லை. திவசத்துக்கு முன்னால் அதே பாறைக்குப் போய் எட்டாவதை எடுத்து, க்யூர்பிப்பில் மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்துக் கழுவி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அன்று இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. வருஷத்தில் முதல் தடவை.

6

மீனாட்சி திவசத்துக்கு இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டாள். வீட்டை அலசிக் கழுவித் தருகிறேன் என்று தம்பியையும் என்னையும் வேலைக்குத் துரத்தினாள். பல நாள் தூறலுக்குப் பிறகு அன்றுதான் பளிச்சென்று வெயில். இந்தப் பக்கத்து வீடுகளில் வெயில் கண்ட நாள் ஒரு பண்டிகை. பெட்டகங்களைத் திறந்து புடவை, கம்பளி, சாமி படம், பருப்பு, எல்லாவற்றையும் பாயில் பரப்பி வெயில் காட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் பூஞ்சை பூத்துவிடும். பாக்கியம் அதில் கெட்டிக்காரி. மகளும் அப்படியே.

நான் கரும்பிலிருந்து திரும்பி வந்தபோது ஆறுமுகம் முற்றத்தில் குந்தியிருந்தான். பாயில் அவன் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே கேமரா, வாய் திறந்தபடி இருந்தது. மீனாட்சி உள்ளேயிருந்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தகரத்தில் அரிசி புழுத்துப்போய்விட்டது, பெட்டிக்குள் ஒரு காகிதச் சுருள் ஈரமாக இருந்தது, நல்லவேளை நான் பார்த்தேன், இரண்டு சுற்று பிரித்துத் துடைத்துக் காயவைத்து மறுபடி அப்படியே சுற்றிவிட்டேன், பூச்சி வராமல் கற்பூரமும் போட்டிருக்கிறேன் என்றாள். தம்பியின் சாமானைத் தம்பியைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட பெருமை அவள் பேச்சில் இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்கும் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துவிட்டது. வெளிச்சம் பட்ட சுற்றில் ஒன்றும் மிஞ்சாது. அவன் பெட்டியை எடுத்து மூடினான். கற்பூரத்தை மட்டும் உள்ளேயே விட்டுவிட்டான். அக்காவைப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்றான். பிறகு என்னைக் கரும்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், வெகு நாளைக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினான்.

"அக்காக்கு சொல்லாத, பப்பா. செத்தாலும் சொல்லாத."

7

உள்சுற்றில் இருக்கும் முதல் படங்கள் பிழைக்கலாம், வெளிச்சுற்றில் இருந்த ஏழாவது பிழைக்காது என்று அவன் எனக்கு விளக்கினான். நான் நம்பவில்லை. அவ்வளவு வெயில் காய்ந்தும் பாயில் பருப்பு பருப்பாகத்தானே இருந்தது, படம் மட்டும் எப்படிப் போகும் என்று சண்டை பிடித்தேன். அப்புறம் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். படித்தவர்கள் சிரிக்கலாம்.

எட்டாவதை எடுக்க ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்தப் படமும் விழாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் சுருளை முடிக்காமல் விட அவனால் ஆகவில்லை. அந்த மலையில் நான் முதல் தடவையாக ஏறினேன். இத்தனை வருஷம் கீழேயிருந்து அதைக் கரும்புக்கு மழை தரும் மேடு என்று மட்டும் பார்த்திருக்கிறேன். வழியெல்லாம் கொய்யா பழுத்துக் கிடந்தது, நாங்கள் இரண்டு பேரும் ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. உச்சியில் வாலில் நீளமாக இறகு தொங்கும் வெள்ளைப் பறவைகள் இரண்டு பள்ளத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தன. அழகான இடம். அழகாக இருப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

பாறையில் நிற்கச் சொன்னான், நின்றேன். பெட்டி கிளிக்கென்ற பிறகுதான் கவனித்தேன், நானும் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தேன்.

கழுவிய படங்கள் திவசத்துக்கு முதல் நாள் மாலை வந்தன. ஐந்து தெளிவாக விழுந்திருந்தன, எல்லாவற்றிலும் அவள் முதுகு. ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்றும் சேர்ந்து ஒரே கருப்புப் பட்டையாக இருந்தன. கடைக்காரர் அந்தப் பட்டையையும் சுருட்டி உறையில் வைத்திருந்தார். அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சூரியன் இறங்கும்வரை பார்த்தேன்.

திவசத்தன்று மீனாட்சி அந்த ஐந்தில் ஒன்றை எடுத்தாள். விசிறிவாழைக்குப் பக்கத்தில் அவள் அம்மா கூடையோடு நிற்கும் படம். அதைச் சட்டத்தில் போட்டு, பெட்டகத்தின்மேல் சாமி படங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, மாலை போட்டாள். சுமங்கலியாகப் போனவள், நெற்றியில் வைக்க வேண்டும் என்று குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு வந்தாள். நெற்றி எங்கே இருக்கிறது? விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தம்பியைக் கேட்டாள். ஒரு தடவைகூட அம்மா திரும்பவில்லையா என்றாள்.

ஆறுமுகம் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன்.

"இல்ல அக்கா. எவ்வளவு கேட்டும் திரும்பல."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அம்மா திரும்பாது." அதில் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. ஒன்றும் கைதவறிப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு வடை தட்டப் போய்விட்டாள்.

படையலை எடுத்த பிறகு, காக்கைக்கு வைப்பது போல நாங்கள் இங்கே மைனாவுக்கு வைத்த சோற்றுக்குப் பக்கத்தில் அவனோடு நின்றேன். இனி அவள் திரும்பினாள் என்பது உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதிலும் நான் பார்த்தவன் இல்லை, பார்த்தவன் அவன் ஒருவன்தான். அதனால் கேட்டேன். திரும்பினபோது முகம் எப்படி இருந்தது, சிரித்தாளா, வெட்கப்பட்டாளா, எனக்குச் சொல் என்றேன்.

அவன் குனிந்து, மைனா இறைத்த பருக்கைகளை இலைக்குள் தள்ளினான்.

"நான் பார்க்கல பப்பா. குனிஞ்சு பெட்டியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தக் கண்ணாடியில சின்னதா ஏதோ ஒண்ணு திரும்புச்சு."

அப்புறம் கிரியோலுக்குத் திரும்பிவிட்டான். "கி பூ ஃபேர்," என்றான். என்ன செய்வது என்று அர்த்தம், இந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். மீனாட்சி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள்.